மேனேஜருக்குச் சொறி

அந்தப் பேருந்து நிலையத்தில் எல்லோருக்கும் அவர் மைக் அக்கா. இருபத்தொன்பது வருடமாக மாடியில் உள்ள கண்ணாடி அறையில் உட்கார்ந்து, எந்தப் பேருந்து எந்த மேடையிலிருந்து எத்தனை மணிக்குப் புறப்படும் என்று ஒலிபெருக்கியில் சொல்லிவருகிறார். குரலை மட்டும் கேட்டவர்கள் ஆறடி உயரப் பெண்மணி என்று நினைத்துக்கொள்வார்கள். நேரில் நாலே முக்கால் அடி. நாற்காலியில் இரண்டு தலையணை போட்டு உட்கார்ந்தால்தான் மைக்குக்கு வாய் எட்டும்.

முதலில் அவர் கீழே பயணச்சீட்டு கொடுக்கும் ஜன்னலில்தான் இருந்தார். அப்போது அறிவிப்பு செய்துகொண்டிருந்த மனிதருக்கு ழகரம் வராது. "ஏளாம் மேடை, கிளக்குப் பாதை" என்று அவர் சொல்லும்போதெல்லாம் ஜன்னலுக்குள்ளிருந்து "ஏழு, கிழக்கு" என்று ஒரு குரல் திருத்தும். பொறுத்துப் பொறுத்துப் பார்த்தவர் ஒருநாள் மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "அப்போ நீயே வந்து சொல்லு" என்றார். இவர் போய்ச் சொன்னார். அதற்கப்புறம் அந்த அறையை விட்டு இறங்கவேயில்லை.

வேலை வீட்டுக்கும் வந்துவிட்டது. சமையலறையில் நின்று, "சாப்பாடு இன்னும் ஐந்து நிமிடங்களில் தயாராகும்" என்பார். கணவர் கூடத்திலிருந்து, "பயணி கை கழுவிட்டு இருக்காரு" என்று பதில் சொல்வார்.

அந்தக் கணவர் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் பெட்டி ஒட்டும் பிரிவில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவர். அத்தனை வருடமும் நின்றுகொண்டே. அந்தக் காலத்துக்குள் ஒன்பது மேனேஜர்கள் வந்து போனார்கள். ஒருவர் போட்ட உத்தரவை அடுத்து வந்தவர் மாற்றிவிடுவார். ஆனால் அந்தப் பிரிவில் யாரும் உட்காரக் கூடாது என்பதில் மட்டும் ஒன்பது பேருக்கும் ஒரே கருத்து. ஓய்வு பெற்ற மறுவாரம் அவர் ஒரு பிஸ்கட் பெட்டியோடு வீட்டுக்கு வந்தார். திறந்தால் உள்ளே ஒரு நாய்க்குட்டி. பழுப்பு உடம்பு, கழுத்திலிருந்து மார்பு வரை டை கட்டியது போல ஒரு வெள்ளைப் பட்டை.

"பேர் மேனேஜர்" என்றார்.

"ஏங்க, வேற பேரே கிடைக்கலையா?"

"சாவுறதுக்குள்ள ஒரு மேனேஜரையாவது உக்காருன்னு சொல்லி உக்கார வைக்கணும். வேற ஆசை ஒண்ணும் எனக்கு இல்ல."

ஆசை நியாயமானதுதான். நாக்கு ஒத்துழைக்கவில்லை. குட்டியை எதிரே நிறுத்தி, விரலை நீட்டி, மூச்சை இழுத்துக்கொண்டு அவர் சொன்னது, "உக்காருங்க சார்." முப்பத்தொரு வருடப் பழக்கம். அன்றிலிருந்து அந்த நாய்க்கு மரியாதைப் பன்மைதான். யாராவது "உக்காரு" என்று சொன்னால், யாரைச் சொல்கிறார்கள் என்று சுற்றுமுற்றும் பார்க்கும். "உக்காருங்க" என்றால் உட்காரும். மைக் அக்காவும் கொஞ்ச நாள் "அது, இது" என்று சொல்லிப் பார்த்துவிட்டு, வீட்டில் ஒருவருக்கு மட்டும் இலக்கணம் மாறுவானேன் என்று "அவரு" என்று சொல்ல ஆரம்பித்தார்.

தினமும் மதியம் கணவர் மனைவிக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு பேருந்து நிலையத்துக்கு வருவார். மேனேஜரும் கூடவே வருவார். தம்பதி மாடியில் சாப்பிட்டு முடிக்கும்வரை அவர் கீழே எங்கேயோ உலாவிவிட்டு, சரியாக மூன்று மணிக்குப் படிக்கட்டருகே வந்து நிற்பார். அங்கே மட்டும் அவர் பெயரை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஏனென்றால் அந்த நிலையத்துக்கு நிஜமாகவே ஒரு மேலாளர் இருந்தார். ஊழியர்கள் எல்லோரும் அவரையும் மேனேஜர் என்றுதான் கூப்பிட்டார்கள். சிரிக்காதவர். சட்டைப் பையில் நாலு பேனா வைத்திருப்பவர். அவர் காதில் விழுந்துவிடக் கூடாதே என்று தம்பதி இருவரும் நாயை "வாங்க, போங்க" என்று சொல்லியே ஓட்டிவந்தார்கள்.

போன வருடம் குளிர் ஆரம்பித்த சமயத்தில் மேனேஜர் சொறிய ஆரம்பித்தார். முதலில் காது. பிறகு முழங்கை. பின்னங்காலைத் தூக்கிச் சொறியும்போது கால் தரையில் தடதடவென்று அடிக்கும். கீழ்வீட்டுக்காரர் ஒருநாள் மேலே வந்து, "தையல் மிஷின் வாங்கியிருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

"அவரு யோசனை பண்றாரு" என்றார் கணவர். "எங்க மேனேஜருங்களும் யோசிக்கும்போது இப்படித்தான் சொறிவாங்க."

காதோரத்தில் முடி கொட்டிப் பட்டாணி அளவு வழுக்கை தெரிந்தபோதும் யோசனை அதிகமாகிவிட்டது என்றே அவர் நினைத்தார். இரண்டு வாரத்தில் கணவருடைய வயிற்றில் சிவப்புச் சிவப்பாகத் தடிப்புகள் வந்தன. கொசு என்றார். மைக் அக்காவின் முன்கைகளிலும் அதேபோல வந்தன. சீருடைச் சேலையில் போட்ட கஞ்சி என்றார் அவர். கொசுவலை வந்தது, கஞ்சி போனது. அரிப்பு இருந்த இடத்திலேயே இருந்தது. நாயைப் பற்றி இருவருக்கும் தோன்றவில்லை. அவர் தங்கள் இருவருக்கும் நடுவில் படுத்துச் சொறிந்துகொண்டிருந்தும் தோன்றவில்லை.

கண்ணாடி அறையிலிருந்த மைக் பழையது என்றாலும் காது கூர்மை. "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்பதற்கு முன்னால் ஒரு கரகரப்பு, பின்னால் ஒரு கரகரப்பு என்று ஒலிபெருக்கிகள் இருபத்திரண்டிலும் மைக் அக்கா சொறிவது கேட்க ஆரம்பித்தது. கேட்ட பயணிகள் என்ன ஏது என்று தெரியாமலே கழுத்தைச் சொறிந்தார்கள். அவர்களைப் பார்த்துப் பக்கத்திலிருந்தவர்கள் முழங்காலைச் சொறிந்தார்கள். நிலையத்து டீக்கடைக்காரர் இதை மூன்று நாள் கவனித்துவிட்டு, டீ கொண்டுபோகும் சாக்கில் மாடிக்கு வந்தார்.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. நீங்க இங்க ஒரு தடவை சொறிஞ்சா கீழ நாப்பது பேரு சொறியறாங்க. நேத்து ஒரு டிரைவரு ஸ்டியரிங்கை விட்டுட்டுச் சொறிஞ்சாரு. நல்லவேளை, வண்டி நின்னுக்கிட்டு இருந்துச்சு."

"கஞ்சி ஒத்துக்கலை தம்பி."

"கஞ்சி போட்ட மனுஷங்க எல்லாரும் சொறியறதில்லையே. வீட்ல நாய் ஏதாவது இருக்கா? எங்க சித்தப்பா வீட்ல இப்படித்தான், நாய்க்கு வந்து வீட்டுக்கே வந்துச்சு."

அன்றைக்கே மைக் அக்கா கணவரிடம் சொல்ல, மறுநாள் மாலை அவர் மேனேஜரை ஆட்டோவில் உட்கார வைத்துக் கால்நடை மருத்துவரிடம் அழைத்துப் போனார்.

மருத்துவர் இளம்பெண். நாயின் காதோரத்தை விரலுக்கிடையில் வைத்து லேசாகத் தேய்த்தார். உடனே மேனேஜரின் பின்னங்கால் சைக்கிள் மிதிப்பது போலக் காற்றில் மிதிக்க ஆரம்பித்தது. விட்டால் நின்றது. தேய்த்தால் மிதித்தது. "இந்த நோய்க்கு இது ஒரு நல்ல அடையாளம்" என்று சொல்லிவிட்டு, தோலைக் கொஞ்சம் சுரண்டி எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தார். கணவரையும் பார்க்கச் சொன்னார்.

"ஆமை மாதிரி இருக்கே டாக்டர்."

"சொறிப் பூச்சி. தோலுக்குள்ள சுரங்கம் தோண்டிக் குடியிருக்கும். எட்டுக் கால்."

"இத்துனூண்டு உடம்புக்கு எட்டுக் காலா. எனக்கு ரெண்டு காலையே பராமரிக்க முடியலை."

"வேற நாய்ங்ககிட்டேர்ந்துதான் ஒட்டியிருக்கும். இவன் யாரோட பழகறான்?"

ஒருமையைக் கேட்டுக் கணவருக்குச் சுருக்கென்றது. காட்டிக்கொள்ளவில்லை. பழக்கவழக்கமெல்லாம் மனைவிக்குத்தான் தெரியும் என்று சொல்லி, தொலைபேசியில் கூப்பிட்டு மருத்துவர் கையில் கொடுத்தார்.

அப்போது மணி நாலு பத்து. நிலையத்தில் கூட்டம் நெரியும் நேரம். மைக் அக்கா மூன்றாம் மேடை அறிவிப்பை முடித்துவிட்டுச் சுவிட்சைத் தட்டினார். சுவிட்சின் ஸ்பிரிங் தளர்ந்து நாளாகியிருந்தது. தட்டினால் போகும், மனசு வந்தால் தானாகத் திரும்பி வரும். அன்றைக்குத் திரும்பி வந்தது. மைக் வேலை செய்வதைக் காட்டும் சிவப்பு விளக்கை அவர் கவனிக்கவில்லை. தொலைபேசியில் மருத்துவர் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும், இருபத்தொன்பது வருடப் பயிற்சியோடு, ஒவ்வோர் எழுத்தும் தெளிவாகப் பதில் சொன்னார். கேள்விகள் கீழே யாருக்கும் கேட்கவில்லை. பதில்கள் மட்டும் கேட்டன.

"வணக்கம் டாக்டர். ஆமா, மேனேஜரைப் பத்தித்தான். ஒரு மாசமாவே சொறியறாரு. முதல்ல காது, அப்புறம் முழங்கை, இப்போ வயிறு பூரா."

கீழே ஒரு பேருந்தின் இன்ஜின் நின்றது.

"ராத்திரியா? எங்க கட்டில்லதான் படுப்பாரு டாக்டர். எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் நடுவுல. இல்லையே, வீட்டுக்காரரு ஒண்ணும் சொல்ல மாட்டாரு. அவருதான் தூக்கிட்டு வந்து படுக்க வைக்கிறதே."

இன்னும் நாலு இன்ஜின்கள் நின்றன.

"குளிக்கிறதா? ஞாயித்துக்கிழமை நான்தான் குளிப்பாட்டுவேன். இன்னொருத்தர் அமுக்கிப் பிடிச்சுக்கணும். இல்லைன்னா சோப்போட தெருவுக்கு ஓடிடுவாரு. வெளிப்பழக்கமா? சொல்லவே கூச்சமா இருக்கு டாக்டர். பணிமனைக்குப் பின்னாடி ஒருத்தி இருக்கா. மத்தியானம் சாப்பாடு ஆனதும் அங்க ஒரு நடை போயிட்டுத்தான் வருவாரு. அவளுக்கும் உடம்பெல்லாம் சொறிதான். கடிக்கிறதெல்லாம் இல்லை டாக்டர், குணம் தங்கம். சோறு வைக்கும்போது யாராவது கிட்ட வந்தா மட்டும் கொஞ்சம் உறுமுவாரு."

நிலையம் அப்படி அமைதியாக இருந்து யாரும் பார்த்ததில்லை. ஒரு குழந்தை அழுதது, அதன் வாயையும் அம்மா பொத்தினாள். இத்தனை வருடத்தில் மைக் அக்கா சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் எல்லோரும் கேட்டது அன்றைக்குத்தான்.

மூன்றாம் மேடையில் நிலைய மேலாளர் நின்றுகொண்டிருந்தார். அங்கிருந்த ஐந்நூறு பேரும் அவரைத்தான் பார்த்தார்கள். ஒரு மாதமாக அவர் மதிய வெயிலிலும் முழுக்கைச் சட்டை போட்டு, மணிக்கட்டு வரை பொத்தான் மாட்டிக்கொண்டு வருவது ஏன் என்று ஊழியர்களுக்கு அந்த நொடியில் விளங்கிற்று. அந்த நேரம் பார்த்து அவருடைய வலது கை இடது சட்டைக்கைக்குள் இருந்தது.

டீக்கடைக்காரர் இரண்டிரண்டு படியாக ஏறி வந்து, கண்ணாடிக்கு வெளியே நின்று சிவப்பு விளக்கைக் காட்டினார். மைக் அக்கா விளக்கைப் பார்த்தார். பிறகு கீழே பார்த்தார். தொலைபேசியில் மருத்துவர் "ஹலோ, ஹலோ" என்றுகொண்டிருந்தார்.

டீக்கடைக்காரர் இறங்க, நிலைய மேலாளர் ஏறினார். அவசரமில்லாமல் ஏறினார். உள்ளே வந்து கதவைச் சாத்தினார். மைக்கின் கம்பியைச் சுவரிலிருந்தே பிடுங்கினார்.

"நான் எப்பம்மா உங்க கட்டில்ல படுத்தேன்?"

"ஐயோ சார், அது நாய் சார்."

"எது?"

"மேனேஜர் சார்."

"மேனேஜர் நாயா?"

"ஆமா சார். மேனேஜர்தான் சார் நாய். நீங்க இல்ல சார். எங்க வீட்டு மேனேஜர்." இருபத்தொன்பது வருடத்தில் மைக் அக்காவுக்கு நாக்குக் குழறியது அதுதான் முதல் தடவை. பிஸ்கட் தொழிற்சாலையில் ஆரம்பித்து, ஒன்பது மேனேஜர்கள், பெட்டி, வெள்ளை டை எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். "தினம் மத்தியானம் கீழ வருவாரே சார், பழுப்பா. பார்த்திருப்பீங்க."

மேலாளர் முக்காலியில் உட்கார்ந்தார். பிறகு மெதுவாக இடது கைப் பொத்தானைக் கழற்றிச் சட்டையை மடித்தார். முன்கை முழுக்கச் சிவப்புத் தடிப்புகள். மைக் அக்காவும் தன் கையை அருகில் நீட்டினார். ஒரே அச்சு.

"டைரக்டர் உங்க வீட்டு நாயா?" என்றார் மேலாளர்.

"யாரு சார் டைரக்டர்?"

"நான் வச்ச பேரு. ஒன்றரை மணிக்கு என் ரூமுக்கு வருவான். மின்விசிறிக்குக் கீழ என் மடியில படுத்து அரைமணி நேரம் தூங்குவான். வீட்ல நாய் வளக்க என் சம்சாரம் விடலை. அதான் யாருக்கும் சொல்லலை." கொஞ்சம் தயங்கினார். "தலைமை அலுவலகத்து டைரக்டர் என்னை ஒரு நாளாவது உக்காருங்கன்னு சொன்னதில்லைம்மா."

தன் கதையையும் அவர் சொன்னார். தோல் மருத்துவரிடம் மூன்று தடவை போயிருக்கிறார். வீட்டில் நாய் உண்டா என்று அந்த மருத்துவர் ஒவ்வொரு தடவையும் கேட்டிருக்கிறார். வீட்டில்தான் இல்லையே, அதனால் மேலாளரும் ஒவ்வொரு தடவையும் இல்லை என்று உண்மையே சொல்லியிருக்கிறார். களிம்பு மேல் களிம்பாகப் பூசியதுதான் மிச்சம். ஒட்டிக்கொள்ளும் என்று பயந்து மனைவி அவருக்குக் கூடத்தில் தனிப் பாய், தனித் துண்டு, தனித் தட்டு என்று ஒதுக்கிவிட்டார்.

பிடுங்கிய கம்பி தரையில்தான் கிடக்கிறது என்று இரண்டு முறை குனிந்து பார்த்துக்கொண்டு, மைக் அக்கா மறுபடி கால்நடை மருத்துவரைக் கூப்பிட்டார்.

"மனுஷனுக்கும் ஒட்டுமா டாக்டர்?"

"ஒட்டும்மா. ஆனா நாயோட பூச்சிக்கு நம்ம தோல் தோதுப்படாது. தப்பான பஸ்ஸுல ஏறின ஆள் மாதிரி. கொஞ்ச நேரம் கலாட்டா பண்ணிட்டு இறங்கிடும். நம்ம மேல குடும்பம் நடத்தாது. நாய்க்கு மருந்து குடுக்காத வரைக்கும் புதுசு புதுசா ஏறிக்கிட்டே இருக்கும், அவ்வளவுதான். மனுஷங்களுக்குன்னே தனியா ஒரு வகை உண்டு, அது ஆள் விட்டு ஆள் பரவும். இது அது இல்லைன்னு தோல் டாக்டர்கிட்ட காட்டி உறுதி பண்ணிக்குங்க. போர்வை, தலையணை உறை எல்லாத்தையும் சுடுதண்ணியில துவைங்க. பணிமனைக்குப் பின்னாடி இருக்கிறவளுக்கும் மருந்து குடுக்கணும். இல்லைன்னா இவன் திரும்ப வாங்கிட்டு வருவான்."

மறுநாள் காலையில் மேலாளர் ஒரு மறுப்பறிவிப்பு எழுதிக்கொண்டு வந்தார். கடைசி வரி மட்டும் வேண்டாமே என்று மைக் அக்கா சொல்லிப் பார்த்தார். "இருக்கட்டும்மா, எல்லாம் ரெக்கார்டுல இருக்கணும்" என்றுவிட்டார் மேலாளர். சரி என்று மைக் அக்கா தாளில் இருந்ததை அப்படியே வாசித்தார்.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு. நேற்று மாலை நான்கு மணி பத்து நிமிடத்திற்கு இந்த ஒலிபெருக்கியில் குறிப்பிடப்பட்ட மேனேஜர், ஒரு நாய். நிலைய மேலாளர் நாய் அல்ல. நிலைய மேலாளருக்கு ஏற்பட்டுள்ள சொறி, மேற்படி நாயிடமிருந்து பெறப்பட்டது. நிலைய மேலாளர் தம் வீட்டில், கூடத்தில், தனியாகவே படுக்கிறார்."

முதல் நாள் மாலை கேட்காமல் போன காலைப் பயணிகளுக்கும் இப்படியாக விஷயம் தெரிந்தது.

மதியம் மேலாளரின் மனைவி வந்தார். தோளில் கைப்பை, கையில் சாப்பாட்டுக் கூடை. நேராகப் படியேறிக் கண்ணாடி அறைக்கு வந்து, "பணிமனைக்குப் பின்னாடி ஒருத்தி இருக்காளாமே, அவளை நான் பாக்கணும்" என்றார். விளக்கம் சொல்வதைவிடக் காட்டுவது மேல் என்று மைக் அக்கா அவரைப் பின்பக்கம் அழைத்துப் போனார்.

அங்கே அப்போது ஒரு கூட்டமே இருந்தது. கால்நடை மருத்துவர் கையில் மாத்திரையோடு நின்றார். அவரைச் சுற்றி மைக் அக்காவின் கணவர், டீக்கடைக்காரர், நிலைய மேலாளர். கழித்துப் போட்ட டயர்களுக்கு நடுவே அந்த ஒருத்தி ஓடிக்கொண்டிருந்தாள். கறுப்பு நாய். ஒன்றரைக் காது. இடுப்புக்குப் பின்னால் முடியே இல்லை. மூன்று ஆண்களும் அரைமணி நேரமாகத் துரத்தியதில் பிடிபட்டது டீக்கடைக்காரரின் கால்தான், அதுவும் இரண்டு டயருக்கு நடுவில். "இப்படி வாங்கம்மா, ஒண்ணும் பண்ண மாட்டோம்" என்று கணவர் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

மேலாளரின் மனைவி அவளை உச்சியிலிருந்து வால் வரை பார்த்தார்.

"இவளுக்காகவா நேத்து நான் சாப்பிடாம படுத்தேன்" என்றார்.

அவர் ஒரு டயர் மேல் உட்கார்ந்து, கூடையைத் திறந்து, அவித்த முட்டை ஒன்றை எடுத்து உரித்தார். மருத்துவரிடம் கையை நீட்டி மாத்திரையை வாங்கி மஞ்சள் கருவுக்குள் அழுத்தினார். "வாடி" என்றார். அவள் வந்தாள். முட்டையும் மாத்திரையும் இரண்டே கடியில் போயின. மேலாளருக்கு வைத்திருந்த இரண்டாவது முட்டையும் போயிற்று.

அந்த வாரம் இரண்டு வீட்டிலும் துவைக்கும் வாரமாக இருந்தது. கணவர் அண்டா அண்டாவாக வெந்நீர் வைத்தார். கண்ணாடி அறைத் தலையணை உறைகளும் வெந்நீருக்குப் போனதால் மைக் அக்கா இரண்டு நாள் நின்றுகொண்டே அறிவிப்புச் செய்தார். மேலாளர் தோல் மருத்துவரிடம் போய், இந்தத் தடவை கேட்பதற்கு முன்பே, "நாய் உண்டு டாக்டர், வீட்ல இல்லை, மடியில" என்றார். மூன்று வாரத்தில் மனிதர்கள் மூவருக்கும் அரிப்பு அடங்கியது. நாய்களுக்கு முடி முளைக்க இன்னும் ஒரு மாதம் ஆயிற்று.

மேனேஜர் இனிமேல் கட்டிலில் படுக்கக் கூடாது என்று மைக் அக்கா உத்தரவு போட்டார். அவருக்குக் கீழே தனி மெத்தை தைத்தார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால், கணவரும் அந்த மெத்தையில் பாதியில் படுத்திருந்தார். கறுப்பி தினம் ஒரு முட்டை சாப்பிட்டுப் பளபளவென்று ஆகி, ஒருநாள் மேலாளரின் மனைவியோடு பன்னிரண்டாம் எண் பேருந்தில் ஏறிப் போய்விட்டாள். மேலாளருக்குக் கூடத்திலிருந்து உள்ளே போக அனுமதி கிடைத்த அதே நாளில், அந்தக் கூடத்துப் பாய் அவளுக்குப் போனது. இரண்டு ஞாயிற்றுக்கிழமைக்கு ஒருமுறை இரண்டு குடும்பமும் சேர்ந்து நாய்களைக் குளிப்பாட்டுகின்றன. அமுக்கிப் பிடிக்க இப்போது ஆளுக்குக் குறைவில்லை.

அலுவலகக் காரியம் என்றால் ஆறப்போட்டுத்தானே வரும். இரண்டு மாதம் கழித்துத் தலைமை அலுவலகத்திலிருந்து, பணி நேரத்தில் ஒலிபெருக்கியில் சொந்த விஷயம் பேசியது ஏன் என்று கேட்டு மைக் அக்காவுக்கு ஒரு கடிதம் வந்தது. மேலாளரே மாடிக்குக் கொண்டுவந்து கொடுத்தார்.

"என்ன எழுதட்டும் சார்?"

"நடந்ததை நடந்தபடியே எழுதுங்க. நான் கையெழுத்துப் போடறேன்."

மைக் அக்கா நாலு பக்கம் எழுதினார். மேலாளர் தன் நாலு பேனாவில் நல்லதாக ஒன்றை எடுத்துக் கையெழுத்திட்டு அனுப்பினார். போன வாரம் அதற்கும் பதில் வந்திருக்கிறது. தங்கள் விளக்கம் ஏற்கப்பட்டது என்று ஆரம்பித்து, மேற்படி மேனேஜர் எந்த ஆண்டில் பணியில் சேர்ந்தார், எந்தப் பிரிவு, மருத்துவ விடுப்புக்கு முறையாக விண்ணப்பித்தாரா என்ற மூன்று கேள்விகளோடு முடிகிறது. அதற்கு என்ன எழுதுவதென்று இருவரும் தினமும் டீ நேரத்தில் உட்கார்ந்து யோசிக்கிறார்கள். மூன்றாவது கேள்விக்கு மட்டும் இல்லை என்று எழுதியிருக்கிறார்கள்.